சாயத்தில் இருந்த முகம்: டாஸ்மேனியாவின் ட்ரீ சேஞ்ச் பொம்மைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜனவரியில், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவிலிருந்து சில பொம்மைப் படங்கள் டம்ப்ளர் என்ற இணையதளத்தில் வெளியாயின. எல்லாம் ஜோடிப் படங்கள். இடப்பக்கம், கடையில் எடுத்தபடியே, பிராட்ஸ் என்ற ஃபேஷன் பொம்மை வகையில் பழையது ஒன்று: பாதி மூடிய கண், இமை முழுக்க மினுக்கும் ஐ ஷேடோ, ஓரம் கட்டிய பளபள உதடு, சிக்குப் பிடித்த தலைமுடி, சில படங்களில் பாதமே இல்லாத கால். வலப்பக்கம் அதே பொம்மை, கையால் பின்னிய கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருக்கிறது. கண் நன்றாகத் திறந்திருக்கிறது. மூக்கின்மேல் லேசாகச் சில புள்ளிகள். விளையாடிக்கொண்டிருந்த சிறுமி யாரோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு முகம்.

படங்கள் சில நாட்களிலேயே உலகம் சுற்றின. ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சி எடுத்த சின்ன வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பெரும்பாலான செய்திகள் இதை ஒரு நல்லொழுக்கக் கதையாகவே சொல்லின: மேக்கப்பைக் கலைத்தார், குழந்தைமையை மீட்டார், அவ்வளவுதான். அந்தக் கோணம் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் பொம்மை வேலை தெரிந்தவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் அதில் விடுபட்டுப் போகிறது. இவற்றைச் செய்த சோனியா சிங், பொம்மையின் முகத்தைத் துளிகூடச் செதுக்கவில்லை. மூக்கு, கன்னம், தாடை, உதட்டு மேடு எல்லாம் தொழிற்சாலை அச்சில் வார்த்தபடியேதான் இருக்கின்றன. மாற்றியது சாயத்தை, சரிசெய்தது தலைமுடியை. அந்த இரண்டுக்கே ஆளே வேறாகிவிட்டது என்றால், பிராட்ஸின் குணம் என்று உலகம் திட்டியதும் கொண்டாடியதும் பிளாஸ்டிக்கில் இருந்ததா, மேலே ஒட்டிய மையில் இருந்ததா?

குப்பைக் கிடங்கு வரை வந்த வழி

சோனியா சிங், டாஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட் பக்கத்தில் வசிப்பவர். சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அறிவியலைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். அந்த வேலை போன சமயத்தில் குழந்தையோடு வீட்டில் இருந்தபோது தொடங்கிய பொழுதுபோக்கு இது. பொம்மைகள் கிடைத்தது பழைய சாமான் கடைகளிலும் ‘டிப் ஷாப்’களிலும். டிப் ஷாப் என்பது ஊர்க் குப்பைக் கிடங்கை ஒட்டியே நடக்கும் கடை. புதைகுழிக்குப் போகவேண்டிய சாமான்களில் உருப்படியானதைப் பொறுக்கி விற்பார்கள். உடுப்பெல்லாம் சோனியாவின் அம்மா பின்னியதும் தைத்ததும். நகரத்தை விட்டு மரம், காடு உள்ள ஊருக்குக் குடிபோவதை ஆஸ்திரேலியர்கள் ட்ரீ சேஞ்ச் என்பார்கள். பொம்மைகளுக்கும் அதே பெயர் வைத்துவிட்டார்.

டிப் ஷாப்பில் பிராட்ஸ் குவிந்து கிடந்ததற்குக் காரணம் உண்டு. எம்ஜிஏ என்டர்டெயின்மென்ட் என்ற கலிபோர்னியா நிறுவனம் 2001ல் க்ளோயி, ஜேட், சாஷா, யாஸ்மின் என்று நான்கு பொம்மைகளை இறக்கியது. சுமார் 10 அங்குல உயரம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, பெரிய கண், கொழுத்த உதடு. பார்பியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்கிற அளவுக்கு விற்றது. வடிவமைத்த கார்ட்டர் பிரையன்ட் முன்னால் பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் என்பதால், யோசனை யாருக்குச் சொந்தம் என்று மேட்டல் வழக்குப் போட்டது. 2008ல் நடுவர் குழு மேட்டலுக்கு 10 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2011ல் மறுவிசாரணையில் எம்ஜிஏ ஜெயித்தது. இந்த இழுபறி நடந்துகொண்டிருந்தபோதே, முதல் அலையில் பொம்மை வாங்கிய சிறுமிகள் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பொம்மைகள் பெட்டியிலிருந்து பரணுக்கும், பரணிலிருந்து டிப் ஷாப்புக்கும் வந்தன.

இதற்கு நடுவே 2007ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு, சிறுமிகளைப் பாலியல் பார்வையில் காட்டும் பண்பாடு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிராட்ஸின் குட்டைப் பாவாடையையும் வலைக் காலுறையையும் அது பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆக, 2015ல் அந்த ஜோடிப் படங்கள் வந்தபோது, எட்டு வருடமாக நடந்த ஒரு சண்டைக்கு நடுவில்தான் போய் விழுந்தன. பரவிய வேகத்துக்கு அது பாதிக் காரணம். மீதிப் பாதி கைவேலையின் தரம்.

முகம்

இந்த வேலையைப் புரிந்துகொள்ள, தொழிற்சாலையில் பொம்மைக்கு முகம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளவேண்டும். தலை மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக். அச்சில் வார்த்து எடுக்கும்போது அதற்குக் கண்ணும் இல்லை, புருவமும் இல்லை. அதன்பிறகு டேம்போ என்ற ஒற்று அச்சு. வடிவம் பொறித்த தகட்டில் மையைத் தடவி, மேலே உள்ளதை வழித்துவிட்டு, பள்ளத்தில் நிற்கும் மையைச் சிலிக்கான் திண்டு ஒன்றால் ஒற்றி எடுத்து முகத்தில் அழுத்துவார்கள். திண்டு நெகிழ்ந்துகொடுக்கும் என்பதால் மூக்கு மேடு, கண் பள்ளம் எல்லாவற்றிலும் மை படியும். ஒரு நிறத்துக்கு ஒரு ஒற்று. நாம் ‘அவள் ஒரு மாதிரி பார்க்கிறாள்’ என்று சொல்வதெல்லாம் இப்படிச் சில நொடிகளில் ஒற்றிய மைதான்.

பொம்மைத் தொழிலுக்கு இது பழைய ரகசியம். அச்சு செய்வது செலவு. சாயம் மாற்றுவது மலிவு. பார்பிக்கு 1977ல் வந்த சூப்பர்ஸ்டார் தலை அச்சு எத்தனையோ வருடம், எத்தனையோ பெயர்களில், எத்தனையோ நிறங்களில் விற்றது. அதற்கும் முன்பு, 1959ல் வந்த முதல் பார்பி ஓரக்கண்ணால் பார்த்தாள். 1971ல் மாலிபு பார்பி நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை மாற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கருவிழி எந்த இடத்தில் ஒற்றப்பட்டது என்பதுதான் அதில் நடந்தது.

சரி, டிப் ஷாப் பிராட்ஸுக்கு வருவோம். முதல் வேலை பழைய முகத்தைத் துடைப்பது. சோனியா பயன்படுத்தியது நெயில் பாலிஷ் ரிமூவரும் யூகலிப்டஸ் எண்ணெயும். நம்மூரில் அந்த எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்றுதான் பெயர். அதைத் தரும் மரம் 19ஆம் நூற்றாண்டில் ஊட்டிப் பக்கம் கொண்டுவந்து நட்ட நீல யூகலிப்டஸ், அதன் சொந்த ஊர்களில் ஒன்று இதே டாஸ்மேனியா. ஜலதோஷத்துக்கு வாங்கி வைத்திருக்கும் குப்பியால் பொம்மையின் லிப்ஸ்டிக்கைத் துடைக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தோன்றியிருக்காது.

துடைப்பது சுலபம், ஆனால் இரண்டு இடத்தில் ஜாக்கிரதை வேண்டும். ரிமூவரில் உள்ள அசிட்டோன் மெத்தென்ற பிவிசி தலையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கடினமான ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். பல பொம்மைகளின் உடம்பு ஏபிஎஸ். ஒரு சொட்டு கழுத்து வழியாக மார்பில் இறங்கினால் அந்த இடம் உருகி மங்கிப்போகும், திரும்ப வராது. அதனால் தலையைத் தனியாகக் கழற்றிக்கொள்வது நல்லது. சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்தால் கழுத்துப் பகுதி இளகிக்கொடுக்கும். குளிர்ந்திருக்கும்போது இழுத்தால் கழுத்துக் கட்டை முறியும். இன்னொன்று, உதட்டுச் சிவப்பு. பல வருடம் ஒரே இடத்தில் இருந்த சிவப்பு மை பிவிசிக்குள் ஊறிவிடுகிறது. மேல் மையைத் துடைத்தபிறகும் ரோஜா நிறத்தில் ஒரு நிழல் தங்கும். அதற்குக் கைவினைக்காரர்கள் செய்யும் வைத்தியம், முகப்பருவுக்குத் தடவும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைப் பூசி வெயிலில் வைப்பது. கறை வெளுக்கும். கவனிக்காமல் விட்டால் முகத் தோலும் சேர்ந்து வெளுக்கும். அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்கவேண்டிய வேலை.

துடைத்து முடித்ததும் கையில் இருப்பது வெறும் தலை. முதல்முறை பார்ப்பவர்கள் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். அந்தப் பிரசித்தமான திமிர்ப் பார்வை அங்கே இல்லவே இல்லை. கண் இருந்த இடத்தில் லேசான மேடு பள்ளம். உதடு மட்டும் வார்ப்பிலேயே தடிப்பாக இருக்கிறது. இந்த நிலையில் அது யாராகவும் ஆகலாம்.

எப்படி ஒரு சிறுமி ஆகிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தொழிற்சாலை முகத்தில் மேல் இமை கருவிழியின் மேல் பகுதியை வெட்டிக்கொண்டு போகிறது. பாதித் தூக்கமோ அலட்சியமோ தெரிவது அந்த ஒரு கோட்டால்தான். புது முகத்தில் அந்தக் கோடு மேலே போய்விடுகிறது, கருவிழியின் வட்டம் அதிகம் தெரிகிறது. விழி வட்டமாகத் தெரியத் தெரிய வயது குறையும். வால் போல் இழுத்த ஐ லைனர் போய்விட்டது. அதோடு கண் நெற்றிப்பொட்டை நோக்கி ஏறுவதும் நின்றுவிட்டது. வில்லாக வளைத்த மெல்லிய புருவத்துக்குப் பதில் சற்றுத் தாழ்ந்த, ஓரம் மங்கிய புருவம். விழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தவுடன் கண்ணில் ஈரம் வந்துவிடுகிறது. அந்தப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்கவேண்டும். ஒன்று வலம் ஒன்று இடம் என்றால் மாறுகண் ஆகிவிடும்.

உதடுதான் கெட்டிக்காரத்தனமான இடம். வார்ப்பில் உள்ள தடிப்பைக் குறைக்க வழியே இல்லை. அதனால் மேட்டின் எல்லைவரை நிறம் போடாமல், நடுவில் மட்டும், தோல் நிறத்துக்கு ஒரு படி அடர்த்தியான மங்கல் சாயத்தைக் கொஞ்சமாக வைத்து ஓரத்தை மறையவிடுகிறார்கள். ஓரக்கோடு இல்லாததால் நம் கண் மேட்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. பிளாஸ்டிக் அங்கேயே இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. சில பொம்மைகளில் லேசான புன்னகையும், நடுவில் ஒரு வெள்ளைக் கீற்றாகப் பல்லும் உண்டு. மூக்கின்மேல் உள்ள புள்ளிகள் தண்ணீராகக் கரைத்த பழுப்புச் சாயம், மெல்லிய தூரிகை நுனி. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வைத்தால் அம்மை போலத் தெரியும். அங்கங்கே சிதறவேண்டும், சிலது மங்கியே இருக்கவேண்டும்.

கொலு பொம்மைக்கு வர்ணம் தீட்டுபவர்கள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். இந்த வேலையில் நான் பார்த்தவரை பலர் கண்ணில்தான் தொடங்குகிறார்கள். ஒரு கண் தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரவேண்டும் என்பதால், தவறுவது முதலிலேயே தவறட்டும் என்ற கணக்கு.

சோனியாவின் கருவி எளியது: அக்ரிலிக் சாயம், மெல்லிய தூரிகை, மேலே பாதுகாப்புக்கு வார்னிஷ். இதே வேலையைத் தொழிலாகவே செய்யும் பொம்மை ஓவியர்கள் இன்னும் நுணுக்கமான வழி வைத்திருக்கிறார்கள். முதலில் சாயத்தைப் பிடித்துவைக்கும் மங்கல் பூச்சான சீலர் ஒன்றை மெல்லிய புகையாக அடித்து முகத்துக்குச் சொரசொரப்புக் கொடுப்பார்கள். அதன்மேல் மென் பாஸ்டல் என்ற வண்ணக் கட்டியைப் பொடியாகச் சுரண்டி, தூரிகையால் கன்னத்திலும் இமையிலும் தேய்ப்பார்கள். நீர்வண்ணப் பென்சிலால் கண், புருவம் வரைவார்கள். மறுபடி சீலர், மறுபடி பாஸ்டல். இப்படி அடுக்கடுக்காக ஏறுவதால்தான் அந்த முகங்களில் தோலுக்கு அடியிலிருந்து வருவது போன்ற சிவப்பு தெரிகிறது. ஜப்பானின் மிஸ்டர் சூப்பர் க்ளியர் என்ற சீலர் இதில் பிரபலம். அதன் புகை கெடுதல். வெறும் துணி மாஸ்க் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். வெளியில், காற்றோட்டத்தில்தான் அடிக்கவேண்டும். சென்னை போன்ற ஊரில் இன்னொரு தொல்லை: காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் நாளில் அடித்தால் சீலர் வெள்ளையாகப் பூத்துவிடும். புழுக்கமான நாளைத் தவிர்த்து, வறண்ட வெயில் நாளுக்காகக் காத்திருப்பதே மேல்.

கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே வார்னிஷை நம்பிக்கையோடு அடித்து ஏமாந்தவர்கள் நிறைய. பிவிசியை மெத்தென்று வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெதுவாக மேலே கசிந்துகொண்டே இருக்கும். சில வார்னிஷ்கள் அதோடு சேர்ந்து பிசுபிசுப்பாகி, வருடக் கணக்கானாலும் காயாது. பொம்மை முகத்தில் தூசியும் நூலும் ஒட்டிக்கொண்டே போகும். நெயில் பாலிஷால் உதடு வரைவதும் இதே கதைதான். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷ் பாதுகாப்பானது. ஒரு துணுக்குப் பழைய பிவிசியில் முதலில் பூசிப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது.

தலைமுடி

ட்ரீ சேஞ்ச் பொம்மைகளில் முடி பெரும்பாலும் பழையதுதான். கழுவி, சிக்கெடுத்து, வெட்டி, பின்னலாகவோ குதிரைவாலாகவோ கட்டியது. முகத்தளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. ஆனால் முதல் படத்தில் பொம்மையைக் ‘குப்பை’ என்று காட்டுவதே முடிதான். முகச்சாயம் வருடக் கணக்கில் அப்படியே இருக்கும்; முடி ஒரு கோடை விடுமுறையில் சீரழிந்துவிடும்.

சிக்கு எடுப்பதற்குத் துணிக்குப் போடும் கண்டிஷனரைத் தண்ணீரில் கலந்து முடியை ஊறவைப்பார்கள். பிறகு நுனியிலிருந்து மேல்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, உலோகப் பல் சீப்பால். வேரிலிருந்து இழுத்தால் கொத்தோடு வந்துவிடும். நெளிந்து முறுக்கிக்கொண்ட முடியை நேராக்க, சீவியபடியே வெந்நீரை ஊற்றுவார்கள். இழை அந்தச் சூட்டில் இளகி, குளிரும்போது எப்படி வைத்தோமோ அப்படியே நிற்கும். சுருள் வேண்டுமென்றால் உறிஞ்சுகுழாயில் சுற்றிவிட்டு ஊற்றுவது. எந்த இழை என்று தெரிந்துகொண்டு செய்யவேண்டும். சாரன் கனமானது, வழவழப்பாகத் தொங்கும், வெந்நீருக்குச் சொன்னபடி கேட்கும். நைலான் பளபளப்பு, நீண்ட காலம் உழைக்கும். மலிவுப் பொம்மைகளில் வரும் பாலிப்ரொப்பிலீன் எவ்வளவு கவனித்தாலும் சீக்கிரமே நுனி சொரசொரத்துப் பறக்கும். அதோடு போராடுவதைவிடப் பிடுங்கிவிட்டு வேறு நடுவதே மேல்.

பிடுங்கி நடுவது, அதாவது ரீரூட், பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. தொழிற்சாலையில் தலையைத் தையல் மிஷின் போன்ற ஒன்றில் கொடுத்து, முடிக் கொத்துகளை வட்ட வட்டமாகத் தைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் தலை முழுக்கத் துளைகள். சுற்றோரத்தில் நெருக்கமாக, உள்ளே கொஞ்சம் தள்ளித் தள்ளி, வகிடு இருக்கும் இடத்தில் மட்டும் இரட்டை வரிசை. வீட்டில் செய்பவர்கள் பழைய முடியை ஒட்ட வெட்டிவிட்டு, தலையின் கழுத்து ஓட்டை வழியாக உள்ளே இடுக்கி விட்டு அடிக்கொத்தை இழுத்து எடுப்பார்கள். உள்ளே பசை இருந்தால் அதுவும் கட்டியாக வரும். அதன்பிறகு அதே துளைகளில் புது இழை.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஒவ்வொரு கொத்தையும் நடுவில் முடிச்சுப் போட்டு, ஊசியால் கழுத்து வழியாக உள்ளே விட்டு, துளை வழியாக வெளியே இழுப்பது. முடிச்சு உள்ளே மாட்டிக்கொள்ளும், பசையே வேண்டாம். நேரம் பிடிக்கும், ஆனால் பிடி உறுதி. இன்னொன்று, கவை நுனி ஊசியால் கொத்தை வெளியிலிருந்து உள்ளே குத்தித் தள்ளிவிட்டு, கடைசியில் தலைக்குள் பசை ஊற்றுவது. இது வேகமானது. ஆனால் பசை தவறானதாக இருந்தால் சில வருடத்தில் பிவிசி வழியாகக் கசிந்து, முடியின் வேர்ப்பகுதி எண்ணெய் வைத்தது போலப் பிசுபிசுக்கும். சில நிறுவனங்களின் தொழிற்சாலைப் பொம்மைகளிலேயே இந்த வியாதி உண்டு. குழந்தை கையில் கொடுக்கப்போகும் பொம்மைக்கு நான் முடிச்சு முறையைத்தான் சொல்வேன்.

முகத்துக்கும் முடிக்கும் உள்ள உறவை ரீரூட் செய்தவர்கள்தான் நன்றாக அறிவார்கள். முன்நெற்றி வரிசையில் ஒரு கொத்தைக் கூடக் குறைய நட்டால் நெற்றி அகலம் மாறுகிறது. நெற்றி மாறினால், ஏற்கெனவே வரைந்த கண் கீழே இறங்கிவிட்டது போலத் தோன்றும். அதனால் முதலில் முடி, பிறகு முகம் என்ற வரிசையைப் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். வெந்நீர் ஊற்றும் வேலை முடிந்தபிறகே சாயம் வைப்பது என்ற நடைமுறைக் காரணமும் அதில் இருக்கிறது.

பாதம்

பிராட்ஸில் ஒரு விசித்திரம் உண்டு. ஷூ மாற்றினால் பாதமும் சேர்ந்து மாறும், ஷூவே பாதம். கழன்று தொலைந்தால் கணுக்காலோடு நிற்கும் ஒரு மொட்டைக் கட்டைதான் மிச்சம். டிப் ஷாப்பில் கிடைப்பவை பாதி இந்த நிலையில். சோனியா புதிதாகப் பாதங்களை வார்த்து, தட்டையான ஷூவாகவும் பூட்ஸாகவும் சாயம் பூசி மாட்டினார். உயரக் குதிகாலில் நின்ற பொம்மை தரையில் கால் பதித்து நிற்பதற்கு இதுவே காரணம். முகமாற்றம் பற்றிப் பேசியவர்களில் பலர் பாதத்தைக் கவனிக்கவில்லை. என் பார்வையில் அந்த நிற்கும் விதம்தான் பொம்மைக்கு வயதைக் குறைப்பதில் கண்ணுக்கு அடுத்த இடம் பிடிக்கிறது. முதலில் சொன்ன கேள்விக்கு இது ஒரு சின்ன விதிவிலக்கும்கூட: இங்கே சாயம் மட்டும் போதவில்லை, உருவத்தையே மாற்றவேண்டியிருந்தது.

எதிர்க்குரல்கள்

பாராட்டு குவிந்த அதே நாட்களில் முணுமுணுப்பும் கிளம்பியது. மேக்கப் போட்ட பெண் ‘மீட்கப்பட’ வேண்டியவளா? உதட்டுச் சாயம் என்ன குற்றமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. முன்படம், பின்படம் என்று வைக்கும்போதே ஒன்று கெட்டது, ஒன்று நல்லது என்ற தீர்ப்பு சொல்லாமலே வந்துவிடுகிறது. படத்தை எடுத்தவர் அப்படி நினைக்காவிட்டாலும் பார்ப்பவர் அப்படித்தான் படிப்பார்.

இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. பிராட்ஸ் வந்த காலத்தில் பொம்மைக் கடை வரிசை பெரும்பாலும் பொன்னிற முடியும் நீலக் கண்ணும்தான். முதல் நால்வரில் க்ளோயி ஒருத்தியே பொன்னிறம். மற்ற மூவரின் தோல் நிறத்திலும் முடியிலும் தங்களைப் பார்த்துக்கொண்ட சிறுமிகள் ஏராளம். தடித்த உதடு அவர்களுக்கு ‘கவர்ச்சி’ அல்ல, சொந்த முகம். அதைச் சாயத்தால் மறைப்பது மேக்கப்பைக் கலைப்பதுதானா, வேறு எதையாவதும் சேர்த்துக் கலைக்கிறதா? சோனியாவின் பொம்மைகளில் பல நிறத் தோல்கள் அப்படியே இருக்கின்றன, அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் உதட்டைச் சிறிதாகக் காட்டும் அந்த நுட்பத்தைக் கையில் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு தரம் யோசிக்கவேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கண்ணை மட்டும் திறந்துவிட்டு உதட்டை அதன் முழு அளவில், மங்கல் நிறத்தில் விட்டாலே போதுமான பொம்மைகள் இருக்கின்றன. அப்படிச் செய்தவற்றைப் பார்த்தால், திமிர் முழுவதும் இமையில்தான் இருந்தது, உதட்டின்மேல் பழி வீணாகப் போட்டார்கள் என்பது விளங்கும்.

அதே 2015ல், கனடாவின் வான்கூவரில் வெண்டி சாவோ என்பவர் இதே பிராட்ஸ் பொம்மைகளைத் துடைத்து வேறு வழியில் போனார். மலாலா, சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால், ஓவியர் ஃப்ரிடா காலோ, 1992ல் விண்வெளிக்குப் போன கனடாப் பெண் ராபர்ட்டா பாண்டார் என்று நிஜ மனிதர்களாக வரைந்தார். தலைக்கு முக்காடு, புருவத்துக்கு அடர்த்தி, முடிக்கு நரை, அவ்வளவுதான். அடியில் அதே வார்ப்பு. டாஸ்மேனியாவில் பெயரில்லாச் சிறுமி ஆனது, வான்கூவரில் நோபல் பரிசு பெற்ற பெண்ணாகவும் ஆராய்ச்சியாளராகவும் ஆனது. வெறும் தலை யாராகவும் ஆகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை, இன்னொரு நிறுவனத்தின் பொம்மையை மாற்றி விற்கலாமா என்று இந்த வேலையைச் செய்பவர்கள் அடிக்கடி கேட்பதால். நேரடியாக இதற்குப் பொருந்தும் அமெரிக்கத் தீர்ப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்துப் பெண் ஒருவர் பார்பியின் தலையையும் உடம்பையும் மாற்றி ஆபாச உடுப்புப் போட்டு விற்றதற்காக மேட்டல் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. 2002ல் நீதிமன்றம், மூலத்திலிருந்து வெகுதூரம் மாறிப்போன படைப்பு அது என்ற திசையில் பேசி, மேட்டலின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பொம்மைக்கு உடுப்பைக் குறைத்தவருக்குக் கிடைத்த அதே வாதம்தான் உடுப்பைக் கூட்டியவருக்கும் நிழல் தருகிறது. இது அந்த நாட்டுச் சட்டம். இங்கே யாரும் இதை நம்பிக் கடை போட்டுவிட வேண்டாம்.

விற்பனையும் அதன்பிறகும்

சோனியா கைவினைப் பொருள் விற்கும் எட்ஸி இணையதளத்தில் பொம்மைகளை விற்கத் தொடங்கியதும் கேட்டவர்கள் எண்ணிக்கை கைக்கு அடங்கவில்லை. ஒரு முகத்துக்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் வேலையை இரண்டு பேர், அதுவும் அம்மாவும் மகளும், எவ்வளவு செய்துவிட முடியும்? தொழிற்சாலைக்குக் கொடுத்திருந்தால் வேறு கதையாகியிருக்கும்: டேம்போ திண்டில் மூக்குப் புள்ளிகளையும் ஒற்றியிருப்பார்கள். அவர் செய்தது செய்முறையை வீடியோவாகப் போட்டு, உங்கள் வீட்டுப் பொம்மையை நீங்களே செய்யுங்கள் என்று சொன்னது. அம்மாவின் பின்னல் அளவுக் குறிப்புகளும் விற்பனைக்கு வந்தன. பெரிய பணம் பார்க்கத் தெரியாதவர் என்று சிலர் சொன்னார்கள். வேலையின் இயல்பு தெரிந்தவர் என்று நான் சொல்வேன்.

இப்படிச் செய்த பொம்மை விளையாட்டுச் சாமானா, அலமாரிச் சாமானா என்பது தனிக் கேள்வி. 2008க்குப் பிறகு அமெரிக்கச் சட்டம் குழந்தைச் சாமான்களில், பிளாஸ்டிக்கை மெத்தென்றாக்கச் சேர்க்கும் பிதாலேட் ரசாயனங்களில் சில வகைகளுக்கு 0.1 சதவீதம் என்று வரம்பு வைத்தது. அதற்கு முந்தைய பிவிசியில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மேலே நாம் பூசும் சாயமும் சீலரும் வாயில் வைப்பதற்குச் சோதிக்கப்பட்டவை அல்ல. கடிக்கிற வயதுக் குழந்தைக்கு வேண்டாம். ஐந்து, ஆறு வயதுக்கு மேல், தலையைக் குளிப்பாட்டக் கூடாது, அதுவும் வெந்நீர் கூடவே கூடாது என்று சொன்னால் கேட்கும் பிள்ளைக்குத் தரலாம்.

எம்ஜிஏ நிறுவனம் 2015ல் பிராட்ஸை மறுபடி இறக்கியபோது முகத்தைக் கொஞ்சம் மென்மையாக்கி, சிரிப்பைக் கூட்டித்தான் இறக்கியது. எடுபடவில்லை. 2021ல், 20 ஆண்டு நிறைவுக்கு, முதல் நான்கு பொம்மைகளைப் பழைய முகத்தோடும் பழைய உடுப்போடும் திரும்ப வெளியிட்டார்கள். வாங்க வரிசை கட்டியவர்கள் 2001ல் அதை வைத்து விளையாடிய, 2021ல் முப்பது வயதை ஒட்டியிருந்த பெண்கள். அதனால் இன்று பழைய பிராட்ஸை வைத்து வேலை செய்பவர்களில் ஒரு பகுதியினர் நேர் எதிர்த் திசையில் இருக்கிறார்கள். உதிர்ந்துபோன தொழிற்சாலை இமைச் சாயத்தை மினுக்குத் தூளோடு அதே நிறத்தில் கலந்து, பாதி மூடிய அந்தக் கண்ணை மயிரிழை பிசகாமல் திரும்ப வரைந்து கொடுக்கிறார்கள். சிறுமி முகத்தைவிட இது கடினம் என்பது செய்துபார்த்தவர்களின் பேச்சு. புது முகம் வரைபவருக்கு ஒப்பிட மூலம் கிடையாது, இவர்களுக்கு உண்டு, வாங்குபவருக்கு அது மனப்பாடம்.